ஒரு குடைக்கீழ்ப் பல பள்ளிகள்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வந்து குடியேறிய நம்மவர்க்குக் கவலைகள் பல. வீட்டு வாடகை ஒரு கவலை. ஊரில் விட்டு வந்த முதியோரின் உடல்நலம் ஒரு கவலை. மொழி தெரியாத கடைத்தெரு ஒரு கவலை. இவை யாவும் நாளடைவில் பழகிப்போகும். பழகாத கவலை ஒன்றுண்டு. அது நம் குழந்தைகளின் பள்ளிப் படிப்பு. மாறுதல் உத்தரவு கைக்கு வந்த அன்று வீட்டில் எழும் முதற்கேள்வி, "அந்த ஊரில் பள்ளிக்கூடம் எப்படி?" என்பதே.

சங்கத்தில் கூடும்போதெல்லாம் நாம் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறோம். கணக்கு ஆசிரியர் தெளிவாகச் சொல்லித் தருகிறாரா, எத்தனை பிள்ளைகள் முதல் வகுப்பில் தேறினார்கள், பள்ளி வண்டி நேரத்துக்கு வருகிறதா என்றெல்லாம் ஆராய்கிறோம். அப்பள்ளியை ஆள்பவர் யார், அவருக்கு அவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது, அதில் நமக்கும் பங்குண்டா என்று கேட்பவர் மிகச் சிலர். அக்கேள்விகளுக்கு வரலாறு தரும் விடையைச் சுருக்கமாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் குழந்தைகளில் பலர் படிப்பவை தனித்து நிற்கும் பள்ளிகள் அல்ல. பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொண்டு, ஒரே நிர்வாகத்தின் கீழ், பல இடங்களில் நடைபெறும் பள்ளித் தொகுதிகளைச் சேர்ந்தவை அவை. ஒரு பள்ளியை நடத்துவது ஒரு குடும்பத்தை நடத்துவது போன்றது. பல பள்ளிகளைச் சேர்த்து நடத்துவதோ ஓர் அரசியலை நடத்துவதற்கு ஒப்பாகும். அங்கே நான்கு கேள்விகள் எழுகின்றன. பணத்தைத் தருபவர் யார்? ஆசிரியரை அமர்த்துபவர் யார்? பாடத்தை வகுப்பவர் யார்? வகுப்பறையில் நடப்பதற்குப் பெற்றோர் முன்னிலையில் பொறுப்பேற்று விடை சொல்பவர் யார்? முதல் மூன்றுக்கும் விடை காண்பது எளிது. நான்காவது கேள்வியே காலந்தோறும் இடர் தந்து வந்திருக்கிறது.

மானியம் வந்த வழி

இந்நாட்டில் பொதுப்பணம் பள்ளிகளுக்கு ஒழுங்காகச் செல்லத் தொடங்கியதற்கு அடிப்படையாக அமைந்தது 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனியின் காரியங்களை லண்டனிலிருந்து மேற்பார்த்து வந்த சர் சார்லஸ் உட் என்பவரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. மாகாணந்தோறும் கல்வித்துறை ஒன்று ஏற்படவும், தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை அளிக்கவும் அது வழி வகுத்தது. உதவி பெற விரும்பும் பள்ளி சில நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். நல்ல உலகியற் கல்வி தருதல் வேண்டும்; சிறிதேனும் கட்டணம் வாங்குதல் வேண்டும்; அரசின் மேற்பார்வையாளர் வந்தால் கதவைத் திறந்துவிடுதல் வேண்டும். இவற்றோடு, தக்கதோர் உள்ளூர் நிர்வாகமும் இருத்தல் வேண்டும்.

இக்கடைசி நிபந்தனையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எத்தனையோ காத தூரத்திலிருந்து பணம் கொடுத்தவர்கள்கூட, அப்பணம் நல்வழியில் செலவாவதைப் பார்த்துக்கொள்ள அந்தந்த ஊரிலேயே பொறுப்புள்ளோர் சிலர் இருக்க வேண்டும் என்பதை உணர்ந்திருந்தனர். மேற்பார்வையாளர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவார். எஞ்சிய நாட்களில் பள்ளியின் கூரையையும், கிணற்றையும், ஆசிரியரின் வரவையும் பார்ப்பவர் உள்ளூராரே அன்றோ?

பின்னர், 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் கமிஷன், தொடக்கக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களிடமும் நகரசபைகளிடமும் ஒப்படைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ரிப்பன் பிரபுவின் காலத்தில் தலதாபனங்கள் வளரத் தொடங்கிய ஆண்டும் அதுவே. நகரசபைப் பள்ளி, ஜில்லா போர்டுப் பள்ளி என்று நம் பாட்டனார் தலைமுறை பேசிய பள்ளிகளெல்லாம் அவ்வழி வளர்ந்தவையே. மாநகராட்சிகளில் இன்றும் அம்மரபு நின்று நிலவுகிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. தாராவியில் குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் குழந்தைகள் வேற்று மாநிலத்தில் தாய்மொழியில் எழுத்தறிந்தது, ஒரு நகரத்தின் வரிப்பணத்தால் என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

தலைநகரில் நம்மவர் கண்ட பள்ளிகள்

இனித் தலைநகருக்கு வருவோம். இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு 1911 டிசம்பரில் வெளியாயிற்று. அதன்பின் அரசாங்க அலுவலகங்கள் தில்லிக்கு வந்தன. கோடைக்காலத்தில் சிம்லாவுக்குச் சென்றன. கோப்புகளோடு குமாஸ்தாக்களும், குமாஸ்தாக்களோடு குடும்பங்களும் மலைக்கும் சமவெளிக்குமாகப் பயணம் செய்த காலம் அது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற உத்தியோகஸ்தர்கள் எந்த மொழி பேசினாலும் வடக்கே அவர்கள் அனைவர்க்கும் 'மதராஸி' என்பதே பெயர். அப்பெயரையே தாங்கி, மதராஸி கல்விச் சங்கம் என்னும் அமைப்பு 1923-இல் தோன்றிற்று. இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று வழங்குவது அதுவே.

மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என ஏழு இடங்களில் அக்கழகத்தின் பள்ளிகள் உள்ளன. தலைநகரில் அரசு ஊழியர் குடியிருப்புகள் எங்கெங்கே எழுந்தனவோ அங்கெல்லாம் நம்மவர் பள்ளியும் பின்தொடர்ந்து சென்றது என்பதை இப்பெயர்களே காட்டும். ஆந்திரரும் அவ்வாறே செய்தனர்; துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் முயற்சியால் 1948-இல் தோன்றிய ஆந்திரக் கல்விச் சங்கத்தை எடுத்துக்காட்டாகக் கூறலாம். வங்காளியரும் மலையாளிகளும் இவ்வழியில் பின்தங்கினாரல்லர். வேற்றூரில் ஒரு கோயிலும் ஒரு பள்ளியும் எழுப்பிய பிறகே குடியேறியவர் மனம் அமைதி கொள்ளும் போலும்!

இத்தகைய பள்ளிகளின் ஆட்சிமுறையைத் தெளிவாக வகுத்தது 1973-ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம். அதன்படி, பள்ளியை நிறுவிய சங்கம் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே ஒரு நிர்வாகக் குழு இருத்தல் வேண்டும். உதவி பெறும் பள்ளியாயின் அக்குழுவில் 15 பேருக்கு மேற்படலாகாது. பள்ளித் தலைவர் அதில் ஓர் உறுப்பினர். அப்பள்ளி ஆசிரியர்கள் இருவர். பெற்றோரால் தேர்ந்தெடுக்கப்படும் பெற்றோர் ஒருவர். கல்வி இயக்குநர் நியமிக்கும் இருவர். வேறு பள்ளி ஆசிரியராக இருப்பவரோ இருந்தவரோ ஆகிய இருவர், அவ்விருவருள் ஒருவர் பெண். எஞ்சிய இடங்களே சங்கத்தாருக்கு உரியவை.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டண வருவாய் போக எஞ்சும் ஏற்கத்தக்க செலவில் 100-க்கு 95 பங்கு அரசு மானியமாகத் தரும்; மீதி 5 பங்கைச் சங்கம் திரட்டுதல் வேண்டும். ஆசிரியரின் ஊதியம் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியத்துக்குக் குறையக்கூடாது. இயக்குநரின் முன் அனுமதியின்றி ஆசிரியரைப் பணியிலிருந்து நீக்கவும் கூடாது.

இவ்வேற்பாட்டின் உட்கருத்து யாது? 95 பங்கு பணம் தருபவருக்கு 95 பங்கு அதிகாரம் என்று சட்டம் சொல்லவில்லை. பணம் தருபவர், பள்ளியை நிறுவியவர், பாடம் சொல்பவர், பிள்ளையை அனுப்புபவர் ஆகிய நால்வரையும் ஒரே மேசையைச் சுற்றி அமர வைத்தது. அந்த 5 பங்கும் சிறிதன்று. அதைத் திரட்டுவதற்காகச் சங்கத்தார் நம் வீட்டு வாயிலுக்கு வருகின்றனர். அவ்வாறு வரும்போதுதான், "பள்ளி எவ்வாறு நடக்கிறது?" என்று அவர்களைக் கேட்கும் உரிமை நமக்குப் பிறக்கிறது.

ஆயினும் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு உரிய நோய் ஒன்றையும் மறைக்கலாகாது. பெயர் வேண்டா, ஒரு நகரில் சில பள்ளிகளை நடத்திய ஒரு கல்விச் சங்கத்தை நாம் அருகிருந்து கண்டோம். செயற்குழுத் தேர்தலில் இரு கட்சிகள் பிரிந்தன. ஒரு கட்சி கூட்டம் கூட்டினால் மறுகட்சி நீதிமன்றம் சென்றது. தலைமையாசிரியர் பதவி ஒன்று காலியாயிற்று. எவரை நியமிப்பது என்பதில் உடன்பாடு இல்லை. பொறுப்பு ஆசிரியர் ஒருவரே அதிகாரமும் இன்றி ஆதரவும் இன்றி இரண்டு ஆண்டுகள் அந்நாற்காலியில் இருந்தார். அவ்விரண்டு ஆண்டுகளில் பத்தாம் வகுப்பை முடித்துச் சென்ற பிள்ளைகளுக்கு அக்காலத்தை எவரும் திருப்பித் தர இயலாது. மேடையில் மாலை வாங்கிக்கொள்வதற்குப் பலர் இருந்தனர். ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் வாங்க ஒப்பமிடுவதற்கு ஒருவரும் இல்லை.

மாறுதல் உத்தரவும் மத்தியப் பள்ளியும்

நாடு விடுதலை பெற்றபின் மத்திய அரசின் ஊழியர் தொகை பெருகிற்று. அசாமில் இருந்தவர் ஆண்டு நடுவில் கேரளத்துக்கு மாற்றப்படுவார். அங்கே பாடமும் வேறு, பயிற்று மொழியும் வேறு, தேர்வும் வேறு. பிள்ளைக்கு ஓராண்டு வீணாகும். அல்லது குடும்பம் ஓரிடத்தும் தலைவர் ஓரிடத்துமாகப் பிரிந்து வாழ நேரும்.

இதற்குப் பரிகாரம் கூறியது எந்தக் கல்விக் கமிஷனும் அன்று. ஊழியர் சம்பளத்தை ஆராய்வதற்காக 1957-இல் நியமிக்கப்பட்ட இரண்டாவது மத்திய ஊதியக் குழுவே அதைக் கூறிற்று. நீதிபதி ஜகந்நாததாஸ் தலைமையிலான அக்குழு 1959-இல் தன் அறிக்கையை அளித்தது. மாறுதலுக்குரிய ஊழியரின் பிள்ளைகளுக்குப் பொதுவான பாடத்திட்டமும் பயிற்று மொழியும் கொண்ட பள்ளிகள் ஏற்பட அரசு உதவ வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. 1962 நவம்பரில் திட்டம் ஒப்புதல் பெற்றது. 1963-64 கல்வியாண்டில், படைவீரர் மிகுந்து வாழ்ந்த இடங்களில் நடந்து வந்த 20 படைப்பிரிவுப் பள்ளிகள் மத்தியப் பள்ளிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. கேந்திரிய வித்யாலயா என்று இன்று நாம் அறியும் பெருந்தொகுதியின் பிறப்பு இது.

தொடக்கத்தில் கல்வி அமைச்சகத்தின் ஒரு பிரிவாகவே இப்பள்ளிகளின் நிர்வாகம் நடந்தது. 1965 டிசம்பர் 15 அன்று, 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ், கேந்திரிய வித்யாலய சங்கதன் ஒரு பதிவுபெற்ற சங்கமாயிற்று. எம். சி. சாக்ளா அப்போது மத்தியக் கல்வியமைச்சர். இதில் ஒரு நயத்தை நாம் காணலாம். கல்வி அன்று மாநிலங்களின் பட்டியலில் இருந்த துறை. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் அது பொதுப்பட்டியலுக்கு வந்தது. நாடெங்கும் பள்ளி நடத்தும் அத்தனை பெரிய அமைப்பும், நம் தமிழ்ச் சங்கங்களைப் போலவே, அதே 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில்தான் பதிவாயிற்று!

இருபதில் தொடங்கிய தொகுதி பெருவிருட்சமாயிற்று. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, மாஸ்கோ, காத்மாண்டு, தெஹ்ரான் ஆகிய வெளிநாட்டு நகரங்களில் உள்ள மூன்றையும் சேர்த்து 1,256 பள்ளிகள். அவற்றில் படிப்போர் ஏறத்தாழ 13 லட்சத்து 56 ஆயிரம் பேர். மேலும் 85 பள்ளிகளைத் திறக்க மத்திய அமைச்சரவை அதே மாதத்தில் இசைவளித்தது.

மூன்று படிகள்

இவ்வளவு பள்ளிகளை ஆள்வது எங்ஙனம்? மூன்று படிகளாக அமைந்துள்ளது அவ்வாட்சி. உச்சியில் ஆட்சிமன்றக் குழு. மத்தியக் கல்வியமைச்சரே சங்கத்தின் தலைவர். நிதி, கட்டடப் பணி, கல்வி ஆலோசனை ஆகியவற்றுக்கு நிலைக்குழுக்கள் உண்டு. அன்றாட நிர்வாகத்துக்கு ஆணையர் பொறுப்பு. நடுப்படியில் மண்டல அலுவலகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஆணையர். அடிப்படியில் பள்ளி, அதற்கு ஒரு முதல்வரும், ஒரு வித்யாலய நிர்வாகக் குழுவும் உள்ளனர்.

அந்நிர்வாகக் குழுவின் தலைவர் யார் என்பது பள்ளியின் வகையைப் பொறுத்தது. பொதுத்துறைப் பள்ளியாயின் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். படைத்துறைப் பள்ளியாயின் உள்ளூர்ப் படைத்தலைவர். தொழில் நிறுவனத்தின் பொருட்டு அமைந்ததாயின் அந்நிறுவனத்தின் தலைமை அலுவலர். உயர்கல்வி நிலையத்தின் வளாகமாயின் அந்நிலையத்தின் தலைவர். இவரெல்லாம் பெரும் பொறுப்புகளைச் சுமப்பவர்கள். வெள்ளமும் தேர்தலும் சட்டம் ஒழுங்கும் மாவட்ட ஆட்சியரின் மேசையில் குவிந்து கிடக்கையில் பள்ளியின் குடிநீர்த் தொட்டிக்கு அவர் எத்தனை நாழிகை ஒதுக்க முடியும்? மேலும், பள்ளிப் பிள்ளையின் தந்தையைப் போலவே அவரும் மாறுதலுக்குரியவர், ஆசிரியரும் அவ்வாறே, முதல்வரும் அவ்வாறே. இப்பள்ளியில் எல்லாரும் பயணிகள்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. உள்ளூர்ச் சிறு பகைகளும் சாதிச் செல்வாக்கும் இப்பள்ளிகளில் எளிதில் வேரூன்ற முடியாமைக்கு இதுவே காரணம். இம்பாலில் ஐந்தாம் வகுப்பில் பாதி படித்த பிள்ளை, மீதியை மதுரையில் அதே புத்தகத்தைக் கொண்டு தொடர்கிறது. சேர்க்கையில் மாறுதலுக்குரிய ஊழியரின் பிள்ளைகளுக்கு முதலிடம். முந்திய ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை மாற்றப்பட்டார் என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. அலைந்தவனுக்கு ஆறுதல் என்னும் இந்நியாயம் நம்மைப் போன்றோர்க்கு எத்துணைப் பெரிய துணை! அதன் பயனை நுகர்ந்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே பல.

ஆனால் இந்த ஒருமைக்கு ஒரு விலையும் உண்டு. எங்கும் ஒரே புத்தகம் என்று வகுத்தபோது, ஆங்காங்கு வாழும் பிள்ளையின் தாய்மொழி பாடத்திட்டத்தின் நடுவிடத்தில் அமரவில்லை. இந்தியும் ஆங்கிலமும் பயிற்று மொழிகளாயின. தாய்மொழியையோ வட்டார மொழியையோ, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாணவர் விரும்பிக் கேட்டால், ஒப்பந்த ஆசிரியரைக் கொண்டு கூடுதலாகக் கற்பிக்கலாம் என்பது சங்கதனின் விதி. கேட்டால் உண்டு, கேளாவிடில் இல்லை. கேட்க வேண்டியவர் பெற்றோர்; பெற்றோரோ ஊருக்குப் புதியவர். விதி எழுதியவர் கொடுமை ஏதும் செய்யவில்லை. எனினும் பல ஊர்களில் நம் பிள்ளைகள் தாய்மொழியில் கையொப்பமிடவும் அறியாமல் வளர்ந்தது, அவ்விதி இருப்பதையே நாம் அறியாமையால்தான்.

இரண்டு படிப்பினைகள்

அதிகாரம் உச்சியில் மட்டும் குவிந்தால் விளைவது யாது என்பதற்கு அண்மைக் கால வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளைக் குறிக்கலாம்.

முதலாவது ஜெர்மன் மொழி பற்றியது. 2011-இல் சங்கதனுக்கும் ஜெர்மானியப் பண்பாட்டு நிலையமாகிய கதே நிலையத்துக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்றாம் மொழியாக ஜெர்மன் மொழியைப் பயிலும் வாய்ப்பு உண்டாயிற்று; பிள்ளைகள் பலர் ஆர்வத்தோடு சேர்ந்தனர். 2014 அக்டோபரில் ஆட்சிமன்றக் குழு அதை மூன்றாம் மொழி நிலையிலிருந்து நீக்க முடிவு செய்தது. அயல்மொழி மும்மொழிக் கொள்கைக்குப் பொருந்தாது என்பது காட்டப்பட்ட காரணம். கல்வியாண்டின் நடுவில் பிள்ளைகள் வடமொழிக்கு மாற வேண்டிய நிலை தோன்றியதால் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். எம்மொழி சிறந்தது என்பது இங்கே நம் வாதம் அன்று. ஜெர்மனைக் கொண்டு வந்த முடிவும் தலைமையகத்தில் எடுக்கப்பட்டது. நீக்கிய முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டது. நீக்கியதைப் பெற்றோர் அறிந்து எதிர்த்தபோது, அவர்களுக்குத் திறந்திருந்த கதவு பள்ளியின் கதவாக இல்லை. நீதிமன்றத்தின் கதவாக இருந்தது.

இரண்டாவது சேர்க்கை பற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளை இப்பள்ளிகளில் சேர்க்கப் பரிந்துரைக்கும் உரிமை இருந்து வந்தது. பரிந்துரைக் கடிதத்துக்காக வாயிற்படியில் காத்து நின்றவர் எத்தனையோ பேர். வகுப்பறையில் இடம் நிரம்பி வழிந்தாலும் கடிதத்தோடு வந்த பிள்ளையைத் திருப்பியனுப்ப முதல்வருக்கு வழியில்லை. 2022 ஏப்ரலில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. வேண்டியவர்க்குச் சலுகை அளிக்கும் அதிகாரம் எளிதில் பிறந்துவிடுகிறது. மறைவதற்கு நெடுங்காலம் ஆகிறது.

அண்டைப் பள்ளிகள் கைகோத்தல்

மேலிருந்து ஆளும் முறை ஒன்று. சங்கம் நடத்தும் முறை ஒன்று. இவ்விரண்டுக்கும் புறம்பாக மூன்றாவது முறை ஒன்றைக் கோத்தாரி கல்விக் கமிஷன் 1966-ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தது. பள்ளித் தொகுதி என்பது அதன் பெயர். ஓர் உயர்நிலைப் பள்ளியை நடுவாகக் கொண்டு, சுற்றுப்புறத்திலுள்ள நடுநிலைப் பள்ளிகளும் தொடக்கப் பள்ளிகளும் ஒன்றுசேர வேண்டும். ஆய்வுக்கூடமும் நூலகமும் அவற்றுக்குப் பொதுவாகலாம். ஓராசிரியர் பள்ளியின் ஆசிரியர் நோயுற்றால் அண்டைப் பள்ளியிலிருந்து ஒருவர் செல்லலாம். கல்வித்துறை தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை அத்தொகுதியின் தலைமையாசிரியரிடம் நம்பி ஒப்படைக்கலாம். தனித்து நின்று வாடும் சிறுபள்ளிக்குத் துணை தேடிக் கொடுப்பதே அதன் உள்ளம்.

அக்கருத்து பல காலம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதை மீண்டும் எடுத்தது. ஓர் உயர்நிலைப் பள்ளியோடு 5 முதல் 10 கிலோமீட்டர் வட்டத்திலுள்ள பள்ளிகளை இணைப்பது பற்றிப் பேசிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கருத்து வேரூன்றாமைக்குக் காரணம் என்ன? பொறுப்பைக் கீழே அனுப்புவது மேலிருப்போர்க்கு எளிதாயிருக்கிறது. அதிகாரத்தை அனுப்புவது அரிதாயிருக்கிறது. பத்துப் பள்ளிகளைக் கவனிக்கும்படி ஒரு தலைமையாசிரியரைப் பணித்துவிட்டு, ஒரு நாற்காலியைப் பழுது பார்க்கவும் மேலிடத்து அனுமதி வேண்டுமென்றால், அவர் செய்வது தலைமை ஆகாது. தபால் பட்டுவாடா ஆகும்.

இதற்கு மாறாக, மக்களை அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகமே சான்று. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. பள்ளி அரசினுடையது என்று ஒதுங்கி நின்ற ஊரார், சுவர் எழுப்பவும் பலகை வாங்கவும் பொருளும் உழைப்பும் தந்தனர். அங்கே அரசு தன் கடமையைக் கைவிடவில்லை. மக்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நம்முள் முதியோர் சிலர் அம்மாநாடுகளால் எழுந்த வகுப்பறைகளில் அமர்ந்து படித்தவர்களே.

காலியாய் இருக்கும் நாற்காலி

2009-இல் நிறைவேறிய கட்டாயக் கல்விச் சட்டம் பெற்றோரின் இடத்தைச் சட்டத்தில் எழுதி வைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளியின் நடைமுறையைக் கவனித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், மானியம் செலவாகும் விதத்தைப் பார்த்தல் ஆகியன அக்குழுவின் பணிகள். ஆயின், 2012-இல் வந்த திருத்தத்தின்படி, உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையோர் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறும் அளவினதே. ஆலோசனைதானே என்று நாம் அலட்சியம் செய்யலாகாது. கூறப்படாத ஆலோசனையை எவரும் கேட்க இயலாது.

நாம் அறிந்த ஓர் ஊரின் செய்தியைச் சொல்கிறோம். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படித்தனர். ஒவ்வொரு தந்தையும் தனித்தனியே முதல்வரைக் கண்டு தமிழ் வகுப்பு வேண்டினார். தனித்தனியே, "எண்ணிக்கை போதாது" என்ற விடை பெற்றுத் திரும்பினார். இரண்டு தாய்மார்கள் வீடு வீடாகச் சென்று பெயர்களைத் திரட்டினர். எண்ணிக்கை தேவைக்கு மேலேயே இருந்தது! பட்டியலோடு சென்றவுடன் முதல்வர் மகிழ்ந்து ஏற்றார். பகுதிநேர ஆசிரியையும் கிடைத்தார். இரண்டு ஆண்டுகள் வகுப்பு நடந்தது. பின்னர் அத்தாய்மார் இருவரின் குடும்பங்களும் மாறுதலாகிச் சென்றன, பட்டியல் எடுக்க ஆளில்லை, வகுப்பும் நின்றது. பள்ளியின்மீது குறை கூற இடமில்லை. குறை நம்முடையதே. அவ்வூரில் சங்கம் இருந்தது; பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாகவே நடந்தன.

மாறுதலாகிச் செல்லும் தனி மனிதரால் தொடர்ந்து செய்ய முடியாத பணியை, மாறாமல் நிற்கும் சங்கம் செய்யலாம். ஆதலின் நம் சங்கத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே, எந்தப் பள்ளியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் படிக்கின்றனர் என்னும் பட்டியலை ஆண்டுதோறும் சங்கமே எடுத்தல் வேண்டும். பள்ளிக் குழுக்களில் பெற்றோர்க்குரிய இடங்களுக்கு நம்மவர், சிறப்பாக நம் பெண்மணிகள், முன்வருதல் வேண்டும். கூட்டத்துக்குத் தவறாது செல்லுதல் வேண்டும். நம்மிடையே உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கணக்கர்களும், மாலைக்கும் மேடைக்கும் அன்றி, வரவு செலவைப் படித்துப் பார்ப்பதற்கும் புதிய முதல்வருக்குத் துணை நிற்பதற்கும் தம் அனுபவத்தைத் தருதல் வேண்டும்.

பள்ளித் தொகுதிகள் பெருகும்; சட்டங்கள் மாறும்; ஆணையர்களும் அமைச்சர்களும் வருவர், செல்வர். பணம் தில்லியிலிருந்து வரலாம். பாடம் வேறோர் ஊரிலிருந்து வரலாம். ஆனால் பிள்ளை படிப்பது நம் தெருவின் கோடியில் உள்ள பள்ளியில். நம் முன்னோர் 1923-இல், அரசு உதவும் வரை காத்திராமல், அயலூரில் தம் பிள்ளைகளுக்காக ஒன்றுகூடினர். இன்று நமக்குப் புதிதாகப் பள்ளி கட்டும் சுமை இல்லை; இருக்கும் பள்ளியில் நமக்கென்று இடப்பட்ட நாற்காலியில் சென்று அமரும் சுமை மட்டுமே உண்டு. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அந்நாற்காலிகளில் சிலவேனும் நிரம்புமாக.

வாழ்க நம் குழந்தைகள்! வளர்க நம் சங்கம்!